தொழுவத்தில் நேரமறிதல்

ஒன்றிரண்டு கறவை மாடுகளை நம்பி நாள்தோறும் செலவைச் சமாளிக்கும் தமிழகத்துச் சிற்றூர்க் குடும்பங்களில், ஒரு மாடு படுத்துவிட்டால் அன்றைய பாலோடு வீட்டின் வரவும் நின்றுவிடுகிறது. அத்தகைய வீடுகளுக்குச் செல்லும் கால்நடை மருத்துவரைப் பற்றிப் பேசுவோர் அவர் போடும் ஊசியையும் எழுதித் தரும் மருந்தையுமே பெரிதாகச் சொல்வர். ஆனால் எப்போது விரைய வேண்டும், எப்போது கைகட்டி நிற்க வேண்டும் என்று அறிவதே அத்தொழிலின் கடினமான பகுதி.

பால் காய்ச்சல் எனப்படும் நோயை முதலில் எடுத்துக்கொள்ளலாம். நிறையக் கறக்கும் பசு கன்று ஈன்றதும், சீம்பாலுக்காக அதன் இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து திடீரென மடிக்கு இறங்கிவிடுவதால், தசைகள் இயங்க வலுவின்றித் தளர்கின்றன. காதுகள் சில்லிட, உடல் வெப்பம் இயல்பைவிடக் குறைய, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுக்கும் பசு, கவனிக்கப்படாவிட்டால் சில மணி நேரத்திலேயே நினைவிழந்து இறக்கவும் கூடும். ஈன்ற மூன்று நாட்களுக்குள் பெரும்பாலும் நேரும் இந்நோய்க்குக் கால்சியம் போரோகுளுக்கோனேட் என்னும் கரைசலைக் கழுத்துச் சிரையின் வழியே ஏற்றுவதே மருந்து. மருத்துவர் வந்து சேர்வதில் விரைவு வேண்டும். மருந்து இறங்குவதில் அது கூடாது. வேகமாக ஏறும் கால்சியம் இதயத்தையே நிறுத்திவிடும் என்பதால், ஒரு கையில் புட்டியும் மறு கையில் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவியுமாக அவர் நிதானமாக நிற்கும்போது, சுற்றி நிற்போருக்கு அது தாமதமாகத் தோன்றலாம். பின்னர் பசு ஏப்பம் விட்டு, தசை துடித்து, சாணமிட்டு எழுந்து நிற்கும் காட்சி மருத்துவத்துறையில் அரிதாகவே காணக்கிடைப்பது.

இம்மருந்து வருவதற்கு முன் இந்நோய் பெரும் உயிர்க்கொல்லியாக இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் யூர்கன் ஷ்மிட், நோயின் மூலம் மடிக்குள் இருப்பதாகக் கருதி, 1897இல் பொட்டாசியம் அயோடைடு கரைசலை மடிக்குள் செலுத்திப் பசுக்களைப் பிழைக்கவைத்தார். மடியைக் காற்றால் நிரப்பினாலே போதும் என்பது பின்னர் தெரியவந்தது. மடியில் அழுத்தம் கூடினால் பால் சுரப்பு தடைபட்டு, சுண்ணாம்புச் சத்து இறங்குவதும் நிற்கும் என்பதே அதன் உண்மையான காரணம். தவறான கருத்திலிருந்து சரியான சிகிச்சை பிறந்த கதைகள் மருத்துவ வரலாற்றில் இன்னும் உண்டு.

படுத்துக் கிடக்கும் எல்லா மாட்டுக்கும் கால்சியம் தீர்வாகாது. திருமண வீட்டில் மிஞ்சிய சோற்றையோ பொங்கலன்று பானை நிறையப் பொங்கலையோ மாட்டுக்கு வைத்துவிட்டால், பெருவயிறு எனப்படும் முதல் இரைப்பையில் நார்த்தீவனத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் நிலைகுலைந்து, மாவுச்சத்து புளித்து அமிலமாகிறது. உடலின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்பட, மாடு தள்ளாடி விழுகிறது. சோடா உப்பும் குளுக்கோஸ், உப்புநீர் முதலியவை ஏற்றுதலும் உரிய நேரத்தில் கிடைத்தால் பிழைக்கும். முற்றிய நிலையில் வயிற்றைத் திறந்து சோற்றை வெளியே அள்ள வேண்டியிருக்கும். இது பெரும்பாலும் பாசத்தினால் வரும் நோய். அதனால்தான் நேற்று என்ன தின்றது என்ற கேள்விக்கு வீட்டார் தயங்கித் தயங்கியே பதில் சொல்கின்றனர். அந்தத் தயக்கத்தில் கழியும் நேரம் மாட்டுக்குக் கேடு.

செயற்கைக் கருவூட்டலுக்கான சினை ஊசியில் கணக்கு வேறு. சுமார் 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும் பசுவில், பருவ அறிகுறிகள் அடங்கி ஏறக்குறைய 10 அல்லது 12 மணி நேரம் கழித்தே கருமுட்டை வெளியேறுவதால், காலையில் கத்தி வழும்பு ஒழுக்கும் பசுவுக்கு மாலையிலும், மாலையில் கண்டதற்கு மறுநாள் காலையிலும் ஊசி போடுவதே முறை. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறைந்திருக்கும் விந்துக் குச்சியை வெதுவெதுப்பான நீரில் உருகவைத்துச் செலுத்தும் நுட்பம் எவ்வளவு தேர்ந்ததானாலும், அரைநாள் பிசகினால் 21 நாள் தீவனச் செலவு வீண். எருமைகளில் அறிகுறி வெளித்தெரியாத ஊமைப் பருவம் மிகுதி என்பதால், கறப்பவரின் கூர்மையான கண்ணையே மருத்துவர் நம்ப வேண்டியிருக்கிறது.

நஞ்சுக்கொடி விழாதபோதுதான் பொறுமைக்கு உண்மையான சோதனை. ஈன்ற 12 மணி நேரத்துக்குள் அது தானே விழ வேண்டும். விழாவிட்டால் உடனே கையை விட்டு எடுக்கும்படி வீட்டார் வற்புறுத்துவர். வலிந்து பிய்த்தால் கருப்பை புண்பட்டுச் சீழ் பிடிக்கும் என்பதால், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துக் காத்திருப்பதே பல வேளைகளில் சிகிச்சை. இதில் மனிதருக்கும் ஆபத்து உண்டு. சினையின் பின்மாதங்களில் கன்று வீசச் செய்யும் புரூசெல்லா என்னும் நுண்ணுயிர், அது தொற்றிய மாட்டின் நஞ்சுக்கொடியில் திரளாக இருக்கும். வெறும் கையால் அதைத் தொடும் மருத்துவருக்கும், தொழுவத்தைக் கழுவும் பெண்ணுக்கும் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியும் மாதக்கணக்கில் நீடிக்கலாம். கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் ஒருமுறை போடும் தடுப்பூசி இந்நோயைத் தடுக்கிறது. அது உயிருள்ள நுண்ணுயிரால் ஆனது. போடும்போது ஊசி தவறித் தம் விரலில் குத்தினால் மருத்துவருக்கே நோய் வரக்கூடும்.

வீட்டாருக்கு மிகக் கசப்பான காத்திருப்பு மடிநோய்ச் சிகிச்சைக்குப் பின் வருவது: நோய்க்கிருமிக் கொல்லி மருந்து பாலில் கலந்திருக்கும் நாட்கள் முடியும்வரை அப்பாலைக் கூட்டுறவுச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. அதை வற்புறுத்தும் மருத்துவரை ஊர் விரும்பாதிருக்கலாம். ஆயினும் அவர் சொல்வதே சரி.

தமிழ்நாட்டில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்னும் கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். அழைப்போர் மாடு எப்போது ஈன்றது, கடைசியாக என்ன தின்றது, எப்போது சாணமிட்டது என்பனவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவர் வரும்வரை படுத்திருக்கும் மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதிருக்க வேண்டும்.