வீடு தேடி வரும் பராமரிப்பு

(ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)



வீட்டோடு முடங்கிவிட்ட நம் முதியவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர்களுக்கு உதவி இருக்கிறது. ஆனால் நம்மவர்கள் அதைக் கேட்டுப் பெறுவதில்லை.

சமூக நல இலாகா 'கிட்மாட் பந்து டி ரூமா' என்ற சேவையை நடத்துகிறது. முதியவர் வீட்டுக்குத் தொண்டர் ஒருவர் வந்து பேச்சுத் துணையாக இருப்பார். கடைக்கும் கிளினிக்குக்கும் கூட வருவார். சுகாதார அமைச்சு 2014-இல் தொடங்கிய சேவையில், ஆஸ்பத்திரியிலிருந்து படுத்த படுக்கையாக வீடு திரும்பியவரைத் தேடித் தாதியர் வருவார்கள். புண்ணுக்கு மருந்து கட்டுவது, குழாய் வழி உணவூட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது ஆகியவற்றை வீட்டாருக்குக் கற்றுக்கொடுப்பார்கள். எல்லாக் கிளினிக்கிலும் இது இல்லை, விசாரிக்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் 1991-இல் தொடங்கிய 'ஹோஸ்பிஸ் மலேசியா', கடும் நோயாளிகளை வீட்டுக்கே சென்று இலவசமாகக் கவனித்து வருகிறது.

பிறகு ஏன் தயக்கம்? சொல்லிலேயே வம்பு தொடங்குகிறது. 'இல்லப் பராமரிப்பு' என்றால் பாட்டிமார் காதில் 'முதியோர் இல்லம்' என்றே விழுகிறது. கொண்டுபோய் விடப் பார்க்கிறார்கள் என்று பயந்து வாயைத் திறப்பதில்லை. அடுத்தது ஊர்வாய். வெளியாள் வந்து தாயைக் குளிப்பாட்டினால், "மகன் இருந்தும் இந்தக் கதி" என்பார்கள். அதற்கு அஞ்சி மருமகள் ஒருத்தியே இராப்பகலாகத் தூக்கி இறக்கி இடுப்பொடிந்து போகிறாள். (பேசுகிற வாய் ஒருநாளும் வந்து ஒரு கை கொடுத்ததில்லை!) தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்த தலைமுறைக்குக் கை நீட்டுவது இழுக்கு. அவர்களுக்குக் கடைத்தெரு மலாய் தெரியும். உடம்பின் அந்தரங்கத்தைச் சொல்ல அது போதாது.

விதிமுறையிலும் ஒரு சிக்கல். தாதியர் வரும் சேவைக்கு வீட்டில் பராமரிப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். பிள்ளைகள் சிங்கப்பூரில், தாயார் மட்டும் பண்டமாரானில் என்றால் என்ன செய்வது? பாரம் நிரப்பி முடியும்வரை படுக்கைப் புண் காத்திருக்காது; விட்டால் எலும்புவரை போய்விடும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் தொடங்கியது. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே. வருகிறவர்களில் பலர் அந்த வட்டாரத்துப் பெண்கள். முதியவர் யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. நமக்கும் இதுவே ஏற்றது என்பது என் கருத்து.

வெள்ளிக்கிழமை பூசைக்குத் தவறாமல் வந்து, சில மாதங்களாகக் காணாமற்போனவர்கள் உங்கள் லோரோங்கில் யார் யார்? பெயர்களை ஆலய அலுவலகத்தில் கொடுங்கள். பிரசாதத்தோடு இருவர் போய்ப் பார்ப்போம். மலாய் பாரங்களை நிரப்ப என்னைப் போன்ற பழைய வாத்தியார்கள் இருக்கிறோம். நன்கொடையாளர்களே, சக்கர நாற்காலி தர முன்வருவோர் பலர். இவ்வாண்டு காற்று மெத்தைகளும், மாதத்தில் இரண்டு இரவு அந்த மருமகள் உறங்குவதற்கு மாற்றாள் வைக்கப் பணமும் கேட்கிறேன்.