விமானம் வரட்டும், தொழிலும் கூடவே வரட்டும்

 



'நமது இளைஞரும் தொழிலும்' என்று தலைப்புத் தந்து இந்தக் கூட்டத்துக்கு என்னை அழைத்தார்கள். நான் விமானத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். நெல் விளைகிற சம்மாந்துறையில் விமானப் பேச்சு எதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த மண்டபத்தில் இருக்கின்ற குடும்பங்களில், கட்டுநாயக்க வரை போய் ஒருவரை வழியனுப்பி வைக்காத குடும்பம் எது? உம்ராவுக்குப் போன உம்மா, கட்டாருக்குப் போன மகன், றியாத்தில் இருக்கின்ற மச்சான். நெல் விற்ற காசிலும் நகை அடகு வைத்த காசிலும் டிக்கெட் எடுத்தவர்கள் நாம். நாட்டின் விமானக் கம்பனியான ஶ்ரீலங்கனின் வருமானத்தில் நம் வியர்வை இருக்கிறது. அந்தக் கம்பனி நட்டப்பட்டால், நம் வரிப்பணத்தில்தான் அதையும் ஈடு செய்கிறார்கள். ஆகவே அது என்ன வாங்குகிறது, யாரிடம் வாங்குகிறது, பதிலுக்கு என்ன கேட்கிறது என்று விசாரிக்க நமக்கு உரிமை இருக்கிறது.

1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து ஒரு டகோட்டா எழுந்து, காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. எயர் சிலோனின் முதல் பறப்பு அது. சீதாதேவி, சுனேத்ராதேவி, விகாரமகாதேவி என்று கம்பனியின் முதல் மூன்று விமானங்களுக்கும் பெயர் சூட்டினோம். பெயர் நம்முடையது, விமானம் அமெரிக்காவில் செய்தது. 1979 செப்டெம்பரில் எயர் லங்கா தொடங்கியபோது சிங்கப்பூரிடம் குத்தகைக்கு எடுத்த இரண்டு போயிங் 707கள். பிறகு லொக்ஹீட் டிரைஸ்டார்கள், அதற்குப் பிறகு எயர்பஸ். வெளிநாட்டு விமானம் வாங்கியதை நான் குற்றம் என்று சொல்லவில்லை. பெரிய பயணிகள் விமானம் கட்டுகின்ற நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த வரிசையில் நாம் இல்லை, நாளைக்கும் இருக்கப் போவதில்லை. வாங்கத்தான் வேண்டும்.

ஆனால் வாங்குகிற விதம் என்று ஒன்று இருக்கிறது, சகோதரர்களே.

2023 பெப்ரவரியில் எயர் இந்தியா 470 விமானங்கள் வாங்கப் போவதாக அறிவித்தது. எயர்பஸ் 250, போயிங் 220. அறிவித்த அன்றைக்கே அமெரிக்க ஜனாதிபதி பைடன் அறிக்கை விட்டார்: போயிங்கிடம் செய்த இந்தக் கொள்வனவு 44 மாநிலங்களில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட தொழில்களுக்குத் துணை நிற்கும் என்றார். பாருங்கள், விமானத்தின் அழகைப் பற்றி அவர் பேசவில்லை. தன் நாட்டில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியும் என்று கணக்குச் சொன்னார். எயர்பஸ் விமானத்தின் இறக்கையை வேல்ஸில் புரோட்டன் என்கின்ற ஊரில் செய்கிறார்கள். ஜேர்மனிக்கு ஒரு பங்கு, ஸ்பெயினுக்கு ஒரு பங்கு, பொருத்துகிற இடங்களில் முக்கியமானது பிரான்ஸின் துலூஸ். எந்த ஊருக்கு எவ்வளவு வேலை என்று எழுதி வைத்துக்கொண்டுதான் அவர்கள் விமானம் கட்டுகிறார்கள். விற்கிறவன் வேலையை எண்ணுகிறான். வாங்குகிற நாம் எதை எண்ணினோம்?

அதைச் சொல்லத்தான் வேண்டும். 2013இல் ஶ்ரீலங்கன் எயர்லைன்ஸ், அதாவது பழைய எயர் லங்கா, ஆறு ஏ330-300, நான்கு ஏ350-900 என்று பத்து விமானங்களை எயர்பஸ்ஸிடம் வாங்க ஒப்புக்கொண்டது. ஏழு வருடம் கழித்து, 2020 ஜனவரி 31ஆம் திகதி, இந்த ஒப்பந்தம் இலண்டன் நீதிமன்றத்தில் சந்திக்கு வந்தது. ஐந்து நாடுகளில் நடந்த இலஞ்ச விவகாரங்களுக்கு எயர்பஸ் பொறுப்பை ஏற்று, பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளுக்கும் 3.6 பில்லியன் யூரோ கட்டச் சம்மதித்தது. அந்த ஐந்தில் ஒன்று இலங்கை. நமது விமானக் கம்பனியோடு தொடர்புடைய ஒருவரின் மனைவியை இடைத்தரகராக வைத்து, 16.84 மில்லியன் டொலர் வரை தருவதாகப் பேசி, அதில் 2 மில்லியன் டொலரைக் கொடுத்தும் இருந்தார்கள். தண்டப்பணம் அந்த மூன்று நாடுகளின் திறைசேரிக்குப் போனது. திருட்டுப் போனது நம் வீட்டில், தண்டம் கட்டியது பக்கத்துத் தெருவில்!

அதோடும் முடியவில்லை. ஏ350 ஒன்றுகூட ஶ்ரீலங்கனுக்கு வந்து சேரவில்லை. குத்தகைக்குப் பேசியிருந்த ஏ350களை 2016இல் வேண்டாம் என்று இரத்துச் செய்தோம், செய்ததற்கும் நட்டஈடு கட்டினோம். அரசாங்கம் பொறுப்பு நின்ற 175 மில்லியன் டொலர் கடன்பத்திரம் 2024 ஜூனில் முதிர்ந்தபோது கட்டுவதற்குக் காசில்லை. 2022இல் நாடு வங்குரோத்தானதும் விமானிகளும் பொறியியலாளர்களும் வளைகுடாவுக்குப் புறப்பட்டார்கள். 2023இல் எஞ்சின் கிடைக்காமல் விமானங்கள் தரையில் நின்றன. வெளிநாட்டுக்குப் போக வந்த நம் சனம் விமான நிலையத்தில் பாயில்லாமல் படுத்துக் கிடந்தது.

ஒரு தரகுப் பணத்துக்காகப் பேரம் பேச ஆள் இருந்தது, நேரம் இருந்தது, கம்பனி இருந்தது. ஆனால் அந்தப் பத்து விமானத்தின் பேரால் சம்மாந்துறையிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு பிள்ளைக்குத் தொழில் வந்தது என்று நான் இன்றுவரை கேள்விப்படவில்லை. என் கோபம் அங்கேதான் இருக்கிறது.

நம் ஊர் விவசாயி இதைவிட நன்றாகப் பேரம் பேசுவார். வட்டையில் தாக்கத்தியோடு ஆட்கள் வரிசையாக நின்று அறுத்த காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வெட்டு மெசின் வந்தது, அந்த ஆட்களின் கூலி போனது. அது உண்மையான இழப்பு, யாரும் மறைக்க முடியாது. ஆனால் மெசின் வாங்கப் போனவர் சும்மா சாவியை வாங்கிக்கொண்டு வரவில்லை. "சேர்விஸ் எத்தனை தரம் இலவசம்? பெல்ட் அறுந்தால் சாமான் அம்பாறையில் கிடைக்குமா? என் மகனுக்கு ஓட்டப் பழக்கித் தருவீங்களா?" என்று மூன்றையும் கேட்ட பிறகுதான் காசை எண்ணினார். அந்த மகன் இன்றைக்கு என்ன செய்கிறார்? பெரும்போக அறுவடை நேரம் நடுச்சாமத்தில் ஹைட்ரோலிக் குழாய் வெடித்தால், டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மெசினுக்கு அடியில் படுத்து, விடிவதற்குள் ஓட வைக்கிறார். யப்பானில் செய்த இயந்திரத்தின் பெயரைச் சரியாக வாசிக்கத் தெரியாது, ஆனால் பெயரிங் சத்தத்தைக் கேட்டே எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வெளிநாட்டு இயந்திரம் ஒரு தொழிலை எடுத்தது, கேட்டு வாங்கியதால் இன்னொரு தொழிலைக் கொடுத்தது. ஒரு போடியார் கேட்ட கேள்வியை ஒரு நாடு கேட்கக் கூடாதா?

கேட்ட நாடுகள் இருக்கின்றன. மொரோக்கோவைச் சொல்கிறேன். அங்கேயும் ரோயல் எயர் மரோக் என்கின்ற தேசிய விமானக் கம்பனி போயிங் விமானம் வாங்குகிறது. வாங்குகிற அந்த உறவை வைத்தே பேசினார்கள். 2001இல் காசாபிளாங்காவில் மாட்டிஸ் என்று ஒரு தொழிற்சாலை வந்தது. போயிங், ஒரு பிரெஞ்சுக் கம்பனி, மொரோக்கோவின் விமானக் கம்பனி, மூன்றும் பங்காளிகளாகச் சேர்ந்து தொடங்கியது அது. என்ன செய்கிறார்கள் தெரியுமா? வயர். விமானத்தின் உடம்புக்குள் நரம்பு மாதிரி ஓடுகின்ற வயர்க் கட்டுகளை, மேசையில் வரைபடம் விரித்து, ஒவ்வொன்றாக அளந்து, இலக்கமிட்டு, கட்டி, சோதித்து அனுப்புகிறார்கள். அங்கே அந்த வேலையைச் செய்கின்றவர்களில் பெண்பிள்ளைகள் நிறையப் பேர். பிறகு விமானத் தொழிலுக்கென்றே பயிற்சி நிலையம் கட்டினார்கள். பழகிய கை இருக்கிறது என்று தெரிந்ததும் மற்றக் கம்பனிகளும் வந்தன. இன்று மொரோக்கோவில் விமான உதிரிப்பாகத் தொழிலில் 20,000க்கு மேற்பட்டோர் சம்பளம் வாங்குகிறார்கள். முழு விமானம் ஒன்றும் அவர்கள் கட்டவில்லை. வயரில் தொடங்கினார்கள்.

பக்கத்தில் பாருங்கள். எயர்பஸ் ஏ320இன் முன்பக்கக் கதவைப் பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநோட்டிக்ஸ் பல வருடமாகச் செய்து கொடுக்கிறது. இந்திய விமானப்படை 56 சி295 விமானங்கள் வாங்கியபோது, 16ஐ ஸ்பெயினிலிருந்து கொண்டு வாருங்கள், மற்ற 40ஐ எங்கள் மண்ணில் கட்டுங்கள் என்று எழுதி வாங்கினார்கள். 2024 ஒக்டோபரில் வடோதராவில் அந்தத் தொழிற்சாலை திறந்தது.

இந்தியா பெரிய நாடு, அதன் பேச்சு எடுபடும், இருபது சொச்சம் விமானம் வைத்திருக்கின்ற நாம் கேட்டால் எயர்பஸ் சிரிக்கும் என்று சிலர் சொல்வார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் நான் வடோதராவைக் கேட்கவில்லை, காசாபிளாங்காவைக் காட்டுகிறேன். முழு விமானம் கட்ட ஆசைப்பட்ட இந்தோனேசியாவையும் நாம் மறக்கக் கூடாது. ஹபீபி என்கின்ற ஒரு மேதை பண்டுங் நகரத்தில் பெரிய தொழிற்சாலையை வளர்த்தெடுத்தார். 1995 ஓகஸ்டில் அவர்களுடைய என்-250 வானத்தில் ஏறியபோது முழு முஸ்லிம் உலகமும் பெருமைப்பட்டது. 1998இல் சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனையால் அரசாங்கப் பணம் நின்றது. அந்த விமானம் சந்தைக்கு வரவேயில்லை, பல ஆயிரம் பேர் வேலை இழந்தார்கள். நாமும் இப்போது அதே நிதியத்தின் கையைப் பிடித்து நிற்கிறோம். அளவறிந்து கேட்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். கேட்கவே வேண்டாம் என்பதற்காக அல்ல.

நம்மிடம் கை இல்லையா? கட்டுநாயக்க ஹேங்கருக்குள் ஒரு தரம் போய்ப் பாருங்கள். ஐரோப்பிய அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு நிலையம் அது. விமானத்தை ஜாக்கியில் தூக்கி வைத்து, தகடுகளைக் கழற்றி, வெடிப்பு இருக்கிறதா, துரு இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு, உரிமம் பெற்ற ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால் அந்த விமானம் மக்களை ஏற்றிக்கொண்டு எழும்ப முடியாது. அமைச்சர் சொன்னாலும் எழும்ப முடியாது! அந்தக் கையெழுத்து வைக்கிறவர்களுக்குத்தான் வளைகுடாவில் வரவேற்பு. ஒரு பிள்ளை அந்த உரிமத்துக்குப் பரீட்சை எழுதி, வருடக்கணக்கில் ஹேங்கரில் பழகினால்தான் அது கிடைக்கும். பழகுவதற்கு இடம் வேண்டும், இடத்துக்குக் காசு வேண்டும். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை அங்கேயே தடுக்கி விழுகிறது. எஞ்சினை முழுதாகப் பிரித்துப் பழுது பார்க்க வேண்டியிருந்தால் அதைப் பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். எஞ்சினோடு டொலரும் போகிறது, தொழிலும் போகிறது.

கொழும்புத் துறைமுகத்தில் நம் தொழிலாளர்கள் கட்டிய பயணிகள் கப்பல்கள் இந்தியாவின் லட்சத்தீவுக்குப் போயிருக்கின்றன. நம் கரையோரத்தில் பைபர்கிளாஸ் படகு செய்கிறவர்கள் பிசினைக் கலந்து, பாயை அடுக்கு அடுக்காக வைத்து, காற்றுக் குமிழ் இல்லாமல் உருட்டுகிறார்கள். ஏ350இன் பாதிக்கு மேல் இழையும் பிசினும் சேர்ந்த அந்த இனத்துப் பொருட்களால்தான் ஆனது. படகு செய்கிறவர் நாளைக்கே இறக்கை செய்வார் என்று நான் சொல்லவில்லை. தரமும் ஒழுங்கும் சோதனையும் பெருந்தூரம். ஆனால் அந்தத் தூரத்தை நடக்கக்கூடிய பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். சம்மாந்துறையிலேயே உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம் இருக்கிறது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இங்கே, பொறியியல் பீடம் ஒலுவிலில். கல்லோயாத் திட்டத்தோடு வந்த ஹார்டி நிறுவகம் அம்பாறையில். பிள்ளை இருக்கிறது, பாடம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு வரிதான் இல்லை.

அந்த வரியைக் கேட்கத்தான் இந்தக் கூட்டம். ஶ்ரீலங்கன் இனி ஒரு விமானத்தை வாங்கினாலும் சரி, குத்தகைக்கு எடுத்தாலும் சரி, கையெழுத்து வைப்பதற்கு முன் ஒப்பந்தம் பாராளுமன்றத்தின் மேசைக்கு வர வேண்டும். இடைத்தரகர் யார், அவருக்கு என்ன கூலி என்று அதில் பெயரோடு எழுதியிருக்க வேண்டும். விற்கிறவர் நம் நாட்டில் இத்தனை பிள்ளைகளுக்கு உரிமப் பயிற்சி தருவார், அவர்களில் கிழக்குக்கும் வடக்குக்கும் மலையகத்துக்கும் உரிய பங்கு இவ்வளவு என்று இலக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். வயர்க்கட்டோ இருக்கை உறையோ சின்ன உதிரிப்பாகமோ, ஏதோ ஒரு வேலையை இங்கே செய்விப்பதற்கு நாளும் வருடமும் குறித்திருக்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு விடுதி வசதி இல்லாத பயிற்சியை நம் தாய்மார் ஏற்க மாட்டார்கள், அதையும் இப்போதே சேர்த்துச் சொல்லிவிடுவோம்.

திகாமடுல்ல மாவட்டத்தின் எல்லாப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும், கட்சி பார்க்காமல், ஒரே கடிதமாக இதை அனுப்ப நம் ஊர் வாசகர் வட்டம் எழுதி வைத்திருக்கிறது. சிங்களத்திலும் தமிழிலும் இருக்கிறது. உகணையிலும் தமணையிலும் இருக்கின்ற சிங்களச் சகோதரரின் பிள்ளைக்கும் இதே தொழில்தான் வேண்டும், அவர்களிடமும் கையெழுத்து வாங்கப் போகிறோம். வாசலில் தம்பிமார் தாளோடு நிற்கிறார்கள். தேநீர் பிறகு குடிக்கலாம், முதலில் கையெழுத்தைப் போடுங்கள். அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு கடிதம் தபாலுக்குப் போகும். பதில் வந்தாலும் வராவிட்டாலும், இதே மண்டபத்தில் அடுத்த மாதம் கூடி அதை வாசிப்போம்.