கேள்வி கடைமடைக்கும் வரணும்: நகரத்துச் சேவைகளை யார் வடிவமைக்கிறது?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சற்றுச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இந்த எபிசோடுல விருந்தினர் யாரும் இல்ல, நான் மட்டும்தான். ரொம்ப நாளா பேசணும்னு வச்சிருந்த ஒரு விஷயம். ஸ்மார்ட் சிட்டி.

அந்த வார்த்தையைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கேமரா, சென்சார், பெரிய ஸ்க்ரீன் வச்ச கன்ட்ரோல் ரூம், ஒரு ஆப். இதெல்லாம் வேண்டாம்னு நான் சொல்லப் போறதில்ல, என் சம்பளமே அதுலதான் வருது. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். இதையெல்லாம் வரையறதுக்கு முன்னாடி, பயன்படுத்தப் போறவங்கள யாராவது கேட்டாங்களா? கட்டி முடிச்ச பிறகு "ரேட்டிங் குடுங்க"ன்னு கேக்கறதைச் சொல்லல. கட்டறதுக்கு முன்னாடி.

நான் அறந்தாங்கிக்காரன். புதுக்கோட்டை மாவட்டம். 2011 கணக்கெடுப்புப்படி நாற்பதாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற நகராட்சி. ஸ்மார்ட் சிட்டி பட்டியல்ல எங்க ஊர் இல்ல. அப்புறம் ஏன் இதைப் பேசறேன்? அந்த 100 நகரத் திட்டம் முடிஞ்சு போச்சு, ஆனா அதே யோசனைகள் சின்ன ஊர்களுக்கும் வந்துக்கிட்டு இருக்கு. 2021 அக்டோபர்ல தொடங்கின அம்ருத் 2.0 திட்டத்துல எல்லா நகராட்சிகளும் பேரூராட்சிகளும் சேரும். குடிநீர், கழிவுநீர், ஏரி குளம் எல்லாம் அதுல வருது. பெரிய நகரங்கள்ல என்ன நடந்ததுன்னு இப்பவே பாத்து வச்சுக்கறது நல்லது.

அந்த ஐந்து வருஷம்

ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015 ஜூன் 25 அன்று தொடங்கியது. 2025 மார்ச் 31-இல் முடிந்தது. ஒவ்வொரு நகரத்துக்கும் மத்திய அரசு 500 கோடி ரூபாய் வரை, மாநிலத்தின் பங்கு அதே அளவு. தமிழ்நாட்டில் 11 நகரங்கள்: சென்னை, கோவை, மதுரை, சேலம், தஞ்சாவூர், வேலூர், திருச்சி, திருநெல்வேலி, தூத்துக்குடி, திருப்பூர், ஈரோடு. மக்களைக் கேட்டுத்தான் திட்டம் போடணும்னு விதியிலேயே இருந்துச்சு. ஆன்லைன் வாக்கெடுப்பு, கருத்துக் கேட்பு, படிவம் எல்லாம் நடந்துச்சு.

ஆனா இந்த ரெண்டு தேதியைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. சென்னையும் கோவையும் பட்டியலில் இடம்பெற்றது 2016 ஜனவரியில். கடைசியாக ஈரோடு சேர்ந்தது 2018-இல். நம்ம மாநிலத்தில் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்துபோனது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல கவுன்சிலரும் கிடையாது, மேயரும் கிடையாது. தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பண்ணாங்க. ஸ்மார்ட் சிட்டி வேலைகளுக்கோ ஒவ்வொரு நகரத்துலயும் தனியா ஒரு கம்பெனி.

அதாவது எதைக் கட்டறது, எங்க கட்டறதுங்கிற முடிவுகள்ல பெரும்பகுதி எடுக்கப்பட்ட காலத்துல, "எங்க தெருவுக்கு இது வேண்டாங்க, அது வேணும்"னு வீட்டு வாசல்ல நின்னு கேக்க ஒரு வார்டு மெம்பர்கூட இல்ல. அந்தக் காலத்துல நல்ல வேலையே நடக்கலன்னு அர்த்தம் இல்ல. 2019-ல திறந்த பாண்டி பஜார் நடைபாதைல சாயங்காலம் நடந்து பாருங்க, சந்தோஷமாத்தான் இருக்கும். ஆனா பட்டன அழுத்தி ஓட்டுப் போடறதும், "இந்த இடத்துல பெஞ்ச் போட்டா எங்க கடைக்கு வழி மறையும்"னு வரைபடத்தைக் காட்டிப் பேசறதும் ஒண்ணு இல்ல.

டிக்கெட் போடறது வேற

நம்ம தொழில்ல ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரியும். ரிக்வயர்மென்ட் பேசும்போதே ஒரு தப்பைக் கண்டுபிடிச்சா, ஒரு வரியை அழிச்சா போதும். அதே தப்பு ப்ரொடக்‌ஷனுக்குப் போயிட்டா ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் வரும். சாஃப்ட்வேர்லயாவது அடுத்த ரிலீஸ்ல திருத்திக்கலாம். கான்கிரீட்டுக்கு அடுத்த ரிலீஸ் கிடையாது. கால்வாயோட மட்டம் தப்பாப் போச்சுன்னா முப்பது வருஷத்துக்கு அந்தத் தெருவுல தண்ணி நிக்கும்.

நமக்குக் கிடைச்சிருக்கிற புகார் ஆப் எல்லாம் டிக்கெட் போடற இடம். விளக்கு எரியல, குப்பை எடுக்கல. அது தேவைதான். ஆனா விளக்குக் கம்பம் எங்க நிக்கணும்ங்கிற பேச்சுல நமக்கு இடம் இல்லன்னா, நாம காலம் பூரா டிக்கெட் போட்டுக்கிட்டேதான் இருக்கணும்.

எங்க மாவட்டத்து சைக்கிள்

"சாதாரண ஜனங்களுக்கு டிசைன் பத்தி என்ன தெரியும்?"னு கேக்கறவங்களுக்கு நான் எங்க மாவட்டத்துக் கதையத்தான் சொல்வேன்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு இயக்கத்தோட சேர்த்து, பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் கொடுத்தாங்க. சைக்கிள் வாங்க பெண்களுக்குக் கடன் கொடுங்கன்னு வங்கிகள்கிட்டயும் கலெக்டர் பேசினாங்க. 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பத்தி விரிவா எழுதியிருக்கார்.

அதுல எனக்குப் பிடிச்ச விவரம் ஒண்ணு. லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கல. சரி, ஆம்பளைங்க சைக்கிளே போதும்னு வாங்க ஆரம்பிச்சாங்க. அதுல நிறைய பேர் அதையே விரும்பவும் செஞ்சாங்க. ஏன்னா சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவுல ஒரு கம்பி இருக்கு பாருங்க, அதுல குழந்தையை உக்கார வச்சுக்கலாம்.

நீளப் பாவாடை போட்டவங்களுக்கு அந்தக் கம்பி இடைஞ்சல்னு நெனச்சுத்தான் லேடீஸ் மாடல்ல அதை எடுத்தாங்க. ஓட்டப் போற அம்மாவுக்கு அது குழந்தைக்கான சீட்டு. டிராயிங் போர்டு முன்னாடி உக்காந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டாத்தான் தெரியும். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரம் மிச்சம், தண்ணி எடுக்க, விளைஞ்சதை நாலு ஊர் கொண்டுபோய் விக்க ஒரு வண்டி. டீசலும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம். நீடித்த போக்குவரத்துன்னு இன்னைக்குக் கருத்தரங்கு போட்டுப் பேசறாங்க. எங்க ஊர் அம்மாக்களும் அக்காக்களும் முப்பது வருஷத்துக்கு முன்னாடியே ஓட்டிக் காட்டிட்டாங்க.

ஆலந்தூர் கணக்கு

"சைக்கிள் சரி, பெரிய கட்டுமான வேலைல மக்கள் எப்படி?" இதுக்கு ஆலந்தூர். இன்னைக்கு அது சென்னை மாநகராட்சிக்குள்ள இருக்கு, 1990-களில் தனி நகராட்சி. பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்.

ஆர்.எஸ். பாரதி நகராட்சித் தலைவராக இருந்தபோது பாதாளச் சாக்கடைத் திட்டம் எடுத்தாங்க. அரசுப் பணமும் கடனும் மட்டும் போதாது. மக்களும் முன்பணம் கட்டணும்: வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைகளுக்கு 10,000. அந்தக் காலத்துல அது சின்னத் தொகை இல்ல. அதனால முதல்ல ஒரு சர்வே: வேணுமா, எவ்வளவு கட்ட முடியும்? பிறகு குடியிருப்போர் சங்கங்களோட சேர்ந்து தெருத்தெருவாப் பேச்சு. மாதக் கட்டணம் எவ்வளவுங்கிறதும் விவாதத்துக்கு வந்துச்சு. வேலை 2000-இல் தொடங்குவதற்குள்ளேயே கோடிக்கணக்கில் முன்பணம் சேர்ந்திருந்தது.

இதுல கவனிக்க வேண்டியது இதுதான். ஜனங்க பணம் கட்ட மாட்டாங்கன்னு நாம சுலபமாச் சொல்லிடறோம். கேட்டு, கணக்குக் காட்டி, எப்ப முடியும்னு சொன்னா கட்டறாங்க. மாதக் கட்டணத்தை முன்னாடியே ஒத்துக்கிட்டதால பராமரிப்புக்கும் ஒரு வழி பிறந்துச்சு. எனக்கு நீடித்த சேவைன்னா இதுதான்: ரிப்பன் வெட்டி பத்து வருஷம் கழிச்சும் ஓடணும்.

நம்ம பக்கம் என்ன இருக்கு?

இதுக்குப் புதுசா ஒரு ஆப் எழுத வேண்டாம். சட்டத்திலேயே ஒரு இடம் இருக்கு. கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி நகரத்துக்கு ஏரியா சபை. 2022-இல் விதிகள் வந்தன. அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று, மாநிலம் முழுக்கக் கூட்டங்கள் நடந்தன. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரிப்பாங்க. அந்தப் பகுதியோட வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற எல்லாரும் உறுப்பினர். மேல வார்டு குழு, அதுக்குத் தலைவர் கவுன்சிலர்.

இதுல நம்ம வயசுக்காரங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கு. எங்க வாடகைக்கு இருக்கோமோ அங்க ஓட்டு இல்ல. ஓட்டு இருக்கிற ஊர்ல நாம இல்ல. வேளச்சேரி தண்ணிப் பிரச்சினையும் நம்மளக் கேக்காது, அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டும் நம்மளக் கேக்காது. அதனால ரெண்டு வருஷத்துக்கு மேல ஒரே இடத்துல இருந்தா, ஓட்டை அங்க மாத்துங்க. மாத்த மனசில்லன்னா, ஊர்ல கூட்டம் நடக்கிற தேதியக் கேட்டு அன்னைக்குப் போங்க.

போறப்ப மூணு விஷயம். ஒண்ணு, நம்ம வார்டுல என்ன வேலை வரப்போகுதுன்னு முன்னாடியே கேளுங்க. வரைபடமும் மதிப்பீடும் கிடைக்கலன்னா தகவல் உரிமைச் சட்டம் இருக்கு, கட்டணம் 10 ரூபாய். ரெண்டு, பேசினதை மினிட்ஸ்ல எழுதச் சொல்லுங்க. அடுத்த கூட்டத்துல அந்தப் பக்கத்தைத் திறந்து, "இது என்னாச்சுங்க?"ன்னு கேக்கலாம். மூணாவதுதான் முக்கியம்: வழக்கமா வராத ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. இப்படிக் கூட்டத்துல சத்தமாப் பேசறவங்க ஜெயிச்சுடுவாங்கங்கிறது உண்மையான குறைதான். வேலை நாள்ல பகல் பதினோரு மணிக்குக் கூட்டம் வச்சா கூலி வேலைக்குப் போறவங்க வர மாட்டாங்க. நேரத்தை மாத்தச் சொல்றதே ஒரு நல்ல கோரிக்கை.

ஒரு உதாரணம். எங்க பஸ் ஸ்டாண்டுல நாளைக்கே டிஜிட்டல் போர்டு வைக்கிறாங்கன்னு வைங்க. நமக்கு அது வசதி. மணமேல்குடி பக்கத்திலிருந்து மீன் கூடையோட வர்ற ஒரு அக்காவைக் கேளுங்க. "படிக்க நேரம் ஏது தம்பி, மைக்ல சொல்லச் சொல்லு"ன்னு சொல்லலாம். கூடையை இறக்கி வைக்க ஒரு மேடை, கழுவ ஒரு குழாய் கேக்கலாம். போர்டை விடக் குழாய்க்குச் செலவு குறைவு. எந்த மூலைல மழைத் தண்ணி முதல்ல நிக்கும்னு சென்சார் வைக்கறதுக்கு முன்னாடி, அங்க டீக்கடை வச்சிருக்கிற அண்ணனைக் கேட்டா சென்சாரை எங்க வைக்கணும்னாவது தெரியும்.

எங்க ஊர்ப்பக்கம் கல்லணைக் கால்வாயோட கடைசிப் பகுதி. 1934-ல வந்த கால்வாய், மும்பாலை ஏரில போய் முடியுது. கடைமடைக்காரங்களுக்கு ஒண்ணு நல்லாத் தெரியும்: மேல ஷட்டரைத் திறக்கும்போது நம்மள நெனச்சாத்தான் இங்க தண்ணி வரும். நகரத் திட்டமும் அப்படித்தான். கேள்வி மேலயே நின்னுட்டா பதிலும் மேல இருக்கிறவங்களுக்குத்தான் பொருந்தும்.

சரி மக்களே, உங்களுக்கு ஒரு வேலை. உங்க பேர் எந்த ஊர் வாக்காளர் பட்டியல்ல இருக்குன்னு பாருங்க. அந்த ஏரியாவோட சபை கடைசியா எப்ப கூடிச்சு, என்ன தீர்மானம் போட்டாங்கன்னு கவுன்சிலர்கிட்ட கேட்டு எனக்கு எழுதுங்க. கூடவே இல்லன்னா அதையும் எழுதுங்க. வர்ற பதில்களை வச்சே ஒரு எபிசோட் பண்ணுவோம்.