மீன்கொத்தி விழுங்கிய சிறகு

(கள்ளக்குறிச்சிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்வராயன் மலைக்குப் போகும் பேருந்துக்காகக் கால்கடுக்கக் காத்து நிற்கும் மக்களிடையே நின்றுகொண்டு, வானூர்தியைப் பற்றிப் பேசுகிறானே இவன், பித்தனோ என்று எண்ணிடாதீர்கள்! அந்த வானூர்தியின் கதையிலேதான் நமது பேருந்துக்கான பாடமும் இருக்கிறது. நாடகக்காரன் நான், மூன்றே காட்சிகளில் முடித்துவிடுகிறேன்.

முதற்காட்சி. ஆண்டு 2003. படையிலே கேப்டனாக இருந்து விலகி, கன்னட நாட்டிலே உழவு பார்த்தவர் கோபிநாத். வானம் சீமான்களுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தா என்ற எண்ணம் எழுந்தது; 'ஏர் டெக்கான்' பிறந்தது. உணவில்லை, உபசாரமில்லை, கட்டணம் குறைவு. சில இருக்கைகளுக்கு ஒரே ஒரு ரூபாய்! ஆர்.கே. லட்சுமணன் தீட்டிய, வேட்டி கட்டிய சாமானியனே அதன் சின்னம். 60-க்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பறந்தது. சாமானியன் அண்ணாந்து பார்த்தது போதும், ஏறி அமர்ந்தான்!

இரண்டாம் காட்சி. 2005-இல் ஸ்பைஸ்ஜெட் வந்தது. 2006-இல் இண்டிகோ வந்தது. கட்டணப் போர் மூண்டது. எரிபொருளுக்கு ஏழை விலை, பணக்கார விலை என்று இரண்டுண்டா? இல்லை! வரவு சுருங்கிற்று, செலவு பெருகிற்று. பறந்தது விமானம், கரைந்தது முதல்.

மூன்றாம் காட்சி. 2007. வந்தார் மதுபான அதிபர் விஜய் மல்லையா. 26 விழுக்காடு பங்கு. விலை 550 கோடி ரூபாய். மீன்கொத்தி மீனுக்குச் சிறகு கொடுக்கவா வரும்? கொத்தத்தானே வரும்! 2008-இல் டெக்கான் என்ற பெயரே மறைந்து, 'கிங்ஃபிஷர் ரெட்' ஆயிற்று. 2011-இல் மலிவுச் சேவைக்கு முடிவு கட்டப்பட்டது. 2012 அக்டோபரில் மீன்கொத்தியும் தரையிலே விழுந்தது. மாதக்கணக்கில் ஊதியம் காணாத ஊழியர்கள் தெருவிலே! 2016-இல் அதிபரோ இலண்டனிலே! வங்கிகளோ 9,000 கோடி எங்கே என்று கேட்டு நின்றன. அது யார் பணம்? முந்தானையில் முடிந்துவைத்துச் சேமித்த தாய்மார்களின் பணமும் அதிலே உண்டல்லவா?

கோபிநாத்தின் கனவைக் குறைகூற வரவில்லை நான். கதவைத் திறந்தவர் அவர். மலிவுக் கட்டண விமானங்கள் அந்த வழியிலேதான் இன்றும் பறக்கின்றன. ஆனால், ஏழையின் பயணத்தை இலாபக் கணக்கிடம் ஒப்படைத்தால், இலாபம் போகும் நாளிலே பயணமும் போகும். இதுவே பாடம்!

இனி மலைக்கு வாருங்கள். வெள்ளிமலைக்கு ஏறும் அரசுப் பேருந்து இலாபம் கருதியா ஏறுகிறது? படிக்கும் பிள்ளைக்காக, பேறுகாலப் பெண்ணுக்காக ஏறுகிறது. அது மக்கள் சொத்து. விலை பேச மல்லையாக்கள் வரமுடியாது! ஆயினும், சாலையற்ற சிற்றூர்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கிவரும் கொடுமை ஏடுகளிலே வந்ததே! 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து இம்மலை மக்களின் நிலையை விசாரித்ததே! நமது ஆட்சியாயினும், பிறர் ஆட்சியாயினும், கேட்க வேண்டியதை நாம் கேட்டே தீரவேண்டும்.

ஒரு ரூபாய் வானம் வேண்டாம் தோழர்களே! ஒருநாளும் நிற்காத பேருந்து வேண்டும். அது ஏறிச்செல்லச் சாலை வேண்டும். சலுகையாக அல்ல, உரிமையாக! ஊர்தோறும் சென்று இதைச் சொல்லுங்கள்.