இரணைமடுக் காணியும் இரண்டாம் பிள்ளையும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



காணிச் சட்டமும் நீதியும் என்பது எமக்குத் தரப்பட்ட பொருள். இதனைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் கொழும்பையே உதாரணங் காட்டுவர்; ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு 1973இல் உச்சவரம்பு விதித்த கதையைச் சொல்வர். நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. எமது குளக்கட்டில் ஏறி, வாய்க்கால் போகுந் திசையை நோக்கினாலே போதும்.

கனகராயன் ஆற்றை மறித்து இக்குளத்தைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கி 1920இல் நிறைவேறியது. பின்னர் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டில் கிளிநொச்சியில் குடியேற்றம் ஆரம்பமாயிற்று. யாழ்ப்பாணத்தில் காணியற்று இருந்தோர் இங்கு வந்து, காடு வெட்டி, மலேரியாக் காய்ச்சலோடு போராடி, யானைக்கு இராக்காவல் இருந்து இம்மண்ணைக் கழனியாக்கினர். இச்சபையில் அமர்ந்திருக்கும் முதியோர் பலர் அவர்களின் பிள்ளைகள் அல்லவா?

அவர்களுக்குக் கிடைத்தது உறுதிக்காணி அன்று, பேமிற் காணி. அதனை விரும்பியபடி விற்கமுடியாது. வட்டிக்காரனிடம் ஈடு வைக்கவும் முடியாது. குறித்த அளவுக்குக் கீழே துண்டாடவும் முடியாது. இவை கொடுமையான விதிகள் என்று நாம் சொல்லமாட்டோம். ஒரு மாரி பொய்த்தால் கமக்காரனின் வயல் கடன்காரன் கைக்குப் போய்விடும் என்பதை அறிந்தோர் இயற்றிய விதிகள் அவை. அவ்விதிகள் இல்லாதிருந்தால் இன்று வாய்க்காலோர வயல்கள் எவர் பெயரில் இருந்திருக்குமோ!

ஆயினும் தகப்பனாருக்கு மூன்று ஏக்கர் வயல், பிள்ளைகள் ஐவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பின்னுரித்தாளர் பெயரைப் பதியாமல் இறந்தால் என்ன நடக்கும்? பழைய விதிப்படி மனைவி தம் ஆயுள்வரை அனுபவிப்பார்; மறுமணஞ் செய்தால் அதுவும் போய்விடும். அதன்பின் ஆண்மக்களுள் மூத்தவருக்கே காணி. மிசன் பாடசாலையிலே கெட்ட குமாரன் உவமையை மனனஞ் செய்தவர்கள் நாம். அங்கே இளையவன் கேட்டதும் தகப்பன் ஆஸ்தியைப் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறான். இரணைமடுவில் அக்கதை நடந்திருக்கவே முடியாது; பேமிற் இடந்தராது! தேசவழமைப்படி மகளுக்குச் சீதனம் எழுத நினைத்த தகப்பன்மாரும் இவ்விடத்திற்றான் திகைத்து நின்றனர்.

வீட்டை விட்டு இறங்கிய இரண்டாம் பிள்ளை எங்கே போவான்? வீதியோரத்தில், வாய்க்கால் ஒதுக்கீட்டில் ஒரு கொட்டில் போடுவான். அன்றுமுதல் அவன் பெயர் அத்துமீறிக் குடியிருப்பவன். அண்ணன் குடியேற்றவாசி, தம்பி குற்றவாளி!

இன்னுமொரு சாராரை நாம் மறந்துவிடுகிறோம். 1958, 1977 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த உறவுகளே அவர்கள். எமது வயல்களிற் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவர்களுட் பலருக்குப் பேமிற்றும் இல்லை. சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பதென்று கூடித் தீர்மானிக்கும்போது, காணியில்லாதவருக்கு அக்கூட்டத்தில் என்ன வாய் இருக்கிறது? போருக்குப் பின் இந்திய உதவியால் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்தரை இலட்சம் ரூபா உதவியுடன் எழுந்தன. அப்போதும் காணிப் பத்திரம் எங்கே என்ற கேள்வி முன்னே வந்து நின்றது. வீடு மிகவும் தேவைப்பட்டவரே வரிசையிற் பின்தள்ளப்பட்டார்.

2022இல் வந்த திருத்தச் சட்டம் ஆணுக்கே முதலிடம் என்ற விதியை நீக்கிற்று. எண்பத்தேழு ஆண்டுகள் சென்றன! 2024இல் ‘உறுமய’ என்ற பெயரிற் பேமிற்றுகளை முழு உறுதியாக மாற்றுந் திட்டமும் ஆரம்பிக்கப்பட்டது. முழு உறுதி நல்லது என்போரும் உளர். நமக்கோ அதில் அச்சமுண்டு. நுண்கடனால் எமது தாய்மார் படும் பாட்டைக் கண்ட பின்பும், வயலை ஈடு வைக்கும் வசதியை வரம் என்று கொண்டாட மனம் வரவில்லை. உறுதி கொடுக்குமுன், உறுதியும் பேமிற்றும் இல்லாதவருக்கு ஒரு மேட்டுத்துண்டாவது கொடுக்கட்டும் என்பதே நம் கட்சி.

அரசாங்கம் செய்யவேண்டியது அது. எம் வீட்டிலேயே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. பின்னுரித்தாளர் பதியப்படாத பேமிற்றுகள் இவ்வூரில் எத்தனை வீட்டுப் பெட்டிகளிற் கிடக்கின்றனவோ! பெரியோர்களே, அவற்றை எடுத்து வாருங்கள். படிவம் நிரப்பவும் பிரதேச செயலகத்துக்குக் கூட வரவும் மன்றத்து இளைஞர் நாம் ஆயத்தமாக இருக்கிறோம். பெயரை எழுதுமுன் மகள்மாரையும் கூப்பிட்டு இருத்திப் பேசுங்கள்.