வழவழப்பின் அடியில்: மூட்டுக் குருத்தெலும்பும் லேசர் ஒளியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



யார் நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்த ஆசான் வாழ்நாள் முழுவதும் எலும்பு மருத்துவம் கற்பித்தவர். அவருக்கு உகந்த பொருளாக, நம் மூட்டுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய படலத்தையும் அதன்மேல் பாய்ந்த லேசர் ஒளியையும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆட்டுக்கால் சூப்புக்கு எலும்பு கழுவியவர்கள் பார்த்திருப்பீர்கள். எலும்பின் நுனியில் முத்துப்போல வெளுத்து, தொட்டால் வழுக்கும் ஒரு மூடி இருக்கும். அதுதான் மூட்டுக் குருத்தெலும்பு. நம் முழங்காலில் அதன் தடிமன் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர். ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் நாரும், தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள்களும். இவற்றை ஆக்கிக் காப்பவை, கன அளவில் 2 விழுக்காடு அளவே உள்ள செல்கள்.

அங்கே இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நாம் நடக்கும்போது மூட்டுநீர் பிழிந்து ஊறுவதே அந்தச் செல்களுக்கு உணவு. காயம் பட்டால் இரத்தம் வராது, வலியும் காட்டிக்கொடுக்காது. கெட்டுப்போன குருத்தெலும்பு மீள்வதில்லை என்று வில்லியம் ஹண்டர் லண்டனில் 1743ஆம் ஆண்டே எழுதினார். அந்தக் கூற்றை இன்றளவும் நம்மால் முழுமையாகப் பொய்யாக்க முடியவில்லை.

இனி ஒளியின் கதைக்கு வருவோம். 1960இல் தியோடர் மைமன் அமெரிக்காவில் முதல் லேசரை ஒளிரவைத்தார். 1964இல், மராட்டிய மண்ணின் பாராமதியில் பிறந்த குமார் படேல் பெல் ஆய்வகத்தில் கரியமிலவாயு லேசரை உருவாக்கினார். மூட்டுக்குள் குழாய்விட்டுப் பார்க்கும் முயற்சியோ அதற்கு முந்தியது. டோக்கியோவில் கென்ஜி தகாகி 1918இல் தொடங்கியது. 1980களில் இந்த இரண்டும் முழங்காலுக்குள் சந்தித்தன. கத்தி புக முடியாத இடுக்கில் ஒளி புகும். பிசிறெழுந்த குருத்தெலும்புப் பரப்பை இழைத்துவிடும் என்று மருத்துவ உலகம் நம்பியது. அந்த நம்பிக்கையில் தவறில்லை.

எல்லா லேசரும் ஒன்றல்ல. கரியமிலவாயு லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். தண்ணீர் அதை அப்படியே விழுங்கிவிடும். எனவே மூட்டில் வழக்கமாக நிரப்பும் உப்புநீருக்குப் பதிலாக வாயு நிரப்பவேண்டியிருந்தது. வெட்டிய இடத்தில் கரியும் படிந்தது. 1,064 நானோமீட்டர் நியோடிமியம் லேசரைத் தண்ணீர் அவ்வளவாகத் தடுப்பதில்லை. அதன் சூடு ஆழத்துக்கு இறங்கிவிடும். 2,100 நானோமீட்டர் ஹோல்மியம் லேசர் நடுவழியாக வந்தது. மெல்லிய கண்ணாடி இழை வழியே செல்லும், உப்புநீருக்குள்ளும் வேலை செய்யும், அதன் சூடு அரை மில்லிமீட்டருக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். 1990களில் மூட்டு அறுவையில் அதுவே முன்னணிக்கு வந்தது.

கருவியின் கண்ணாடி வழியே பார்த்தால் மனம் நிறையும். பிசிறு போய், பரப்பு மெழுகிய தரைபோல ஆகியிருக்கும். ஆனால் சூட்டின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். கொலாஜன் நார் சுருங்கி இளகுவதற்கு 65 டிகிரிக்கு மேல் வேண்டும். செல்களோ 50 டிகிரியைத் தாண்டினாலே சாகத் தொடங்கிவிடும். ஆகவே பரப்பு வழவழப்பாகும் அளவுக்குச் சூடேற்றினால், அதன் அடியில் உருவம் கலையாமல் உயிர் மட்டும் போன ஓர் அடுக்கு உண்டாகியே தீரும். 3 மில்லிமீட்டர் குருத்தெலும்பில் அந்த அடுக்கு அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், ஆறில் ஒரு பங்கு பறிபோயிற்று. வேர் செத்த பயிர் சில நாள் பச்சையாகவே நிற்பதில்லையா? அதுபோலத்தான் இதுவும். நாரைப் புதுப்பிக்கச் செல் இல்லாததால், மாதங்கள் கழித்தே சிதைவு வெளியே தெரியும்.

உயிருள்ள செல்லைப் பச்சையாகவும் இறந்த செல்லைச் சிவப்பாகவும் காட்டும் சாயங்களும் கன்ஃபோக்கல் நுண்நோக்கியும் வந்தபோது இந்த உண்மை கண்ணுக்கே தெரிந்தது. லேசருக்கு மாற்றாக வந்த ரேடியோ அலைக் கருவிகளும் வெறுங்கண்ணுக்கு எட்டாத ஆழம்வரை செல்களைக் கொன்றிருந்தன.

1990களின் நடுவில் இன்னொரு எச்சரிக்கையும் வந்தது. லேசரால் முழங்கால் ஜவ்வை வெட்டியபின், சிலருக்குக் குருத்தெலும்பின் அடியிலுள்ள எலும்பே செத்துப்போனதாக மருத்துவ இதழ்கள் பதிவு செய்தன. சூடு காரணமா, துடிப்பொளி எழுப்பும் அதிர்வலை காரணமா என்ற விவாதமும் எழுந்தது. தோள்மூட்டின் உறையைச் சூட்டால் சுருக்கி இறுக்கும் சிகிச்சையும் இப்படித்தான் வேகமாகப் பரவி, பலருக்கு மூட்டு மீண்டும் தளர்ந்து, சிலருக்குக் குருத்தெலும்பே கரைந்து, கைவிடப்பட்டது.

இதனால் லேசரே தீது என்று சொல்லமாட்டேன். அதே ஹோல்மியம் ஒளி சிறுநீரகக் கல்லை உடைப்பதில் இன்றும் அருமையாகப் பயன்படுகிறது. கல்லில் காப்பாற்ற வேண்டிய உயிர் ஏதுமில்லை. குருத்தெலும்பில் காப்பாற்ற வேண்டியதே அந்த 2 விழுக்காடு உயிர்தான். அதை எண்ணாமல் பரப்பின் அழகை மட்டும் எண்ணியதே நாம் செய்த பிழை. ஹூஸ்டனில் 180 பேரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வு, தேய்ந்த முழங்காலைக் குழாய்வழி கழுவிச் சீவியதும், தோலில் மட்டும் கீறிவிட்டுத் தைத்ததும் ஒரே பலனையே தந்ததாகக் காட்டியது. பரப்பைச் சீராக்கினால் வலி போகும் என்ற எண்ணத்தையே அது அசைத்துவிட்டது.

மாணவச் செல்வங்களே, புதிய கருவி கைக்கு வரும்போது திரையில் தெரியும் படத்தோடு நின்றுவிடாதீர்கள். திசு நுண்நோக்கியில் எப்படி இருந்தது, நோயாளி இரண்டாண்டு கழித்து எப்படி நடந்தார் என்று தேடிப் படியுங்கள். பொதுமக்களே, மூட்டுத் தேய்மானத்தை லேசரால் நீக்குகிறோம் என்று யாரேனும் சொன்னால், எந்த லேசர், எவ்வளவு ஆழம், எத்தனை ஆண்டுப் பலன் என்று தயங்காமல் கேளுங்கள். உடல் எடையைக் குறைப்பதும் தொடைத் தசையை வலுவாக்குவதும் முழங்கால் வலியைத் தணிக்கும் என்பது சோதித்து அறிந்த உண்மை; அதை இன்றே தொடங்கலாம். மூட்டுக்குள் இருக்கும் அந்த வெண்மையான மூடி ஒருமுறைதான் நமக்குத் தரப்படுகிறது. அதைப் பேணுங்கள்.