துருவ ஒளியும் நம் ஜெனரேட்டரும்

2024 மே மாதம் லடாக்கின் ஹான்லே வானம் சிவந்த படங்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் நம் ஆலங்காயம் பக்கத்துக் காவலூர் ஆய்வகத்தையும் நடத்துகிறது.

சூரியன் வீசும் மின்துகள்கள் பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கும்போது, மிக உயரத்தில் உள்ள ஆக்சிஜன் சிவப்பாக ஒளிர்கிறது. அதே குலுக்கலில் நீண்ட மின்பாதைகளில் வேண்டாத மின்னோட்டம் புகும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் இப்படித்தான் இருண்டது. சுமார் 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லை.

நமக்கும் அப்படி வருமா? நாம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வாய்ப்பு மிகக் குறைவு. ஜெனரேட்டருக்கு அந்தப் பயமே இல்லை. அதன் கேபிள் சில மீட்டர்தான், சூரியப் புயலுக்கோ பல நூறு கிலோமீட்டர் கம்பி வேண்டும்.

நம் ஜெனரேட்டரின் எதிரி சூரியன் அல்ல, செத்துப்போன பேட்டரி! மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டிப் பார்ப்போம். லிப்ட், தண்ணீர் மோட்டார் எல்லாம் போட்டே ஓட்டவேண்டும். லோடு இல்லாமல் ஓடினால் டீசல் சரியாக எரியாமல் புகைக்குழாயில் கரி படியும். ஆம்பூர் டேனரியில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. டிரம் பாதியில் நின்றால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது ஆக்சிஜன் கருவியில் இருந்தால் இந்த வாரமே செயலாளரிடம் சொல்லுங்கள். அந்த வீட்டு லைனைத்தான் முதலில் ஜெனரேட்டரில் சேர்க்கவேண்டும்.